கிறிஸ்துமஸ் கதைகளைக் காசில்லாமல் படிக்க

கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் வாங்கும் முன், எழுதியவர் எந்த ஆண்டு இறந்தார் என்று பாருங்கள். இறந்து 60 ஆண்டு தாண்டிவிட்டால் இந்தியாவில் பதிப்புரிமை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆங்கில மூலத்தை புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பேய்க்கதை வேண்டுமா, டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ (1843) இருக்கிறது. துப்பறியும் கதை என்றால், வாத்தின் இரைப்பைக்குள் நீலக்கல் அகப்படும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. காதல் கதைக்கு ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’ (The Gift of the Magi). சில பக்கங்கள்தான், அவசியம் படியுங்கள்.

துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டிக்கு இது பொருந்தாது, அவர் இறந்தது 1976இல். அப்புறம், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. புதிய தமிழாக்கத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.