காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: புதிதாக வந்தவர்களுக்கு

ஒரு புது நாட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே டாக்டர் "ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் அட்மிட் ஆக வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால் சந்தேகம்தான் வரும். செலவை மிச்சம் பிடிக்க நம்மைக் கிளப்பிவிடப் பார்க்கிறார்களோ என்றுதான் என் ஹெர்னியா சமயத்தில் நானும் நினைத்தேன்.

அப்படி இல்லை. கண்புரை, ஹெர்னியா, டான்சில், மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்வது, கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) போன்றவற்றைச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே தனி மையங்கள் இருக்கின்றன. நேற்று முளைத்த யோசனையும் இல்லை இது. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சர்ஜன், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909-லேயே எழுதியிருக்கிறார். இன்றைய தனி மையங்களுக்கு முன்னோடி, 1970-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் என்ற இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள் தொடங்கியது.

நமக்கு என்ன லாபம்? பெரிய ஆஸ்பத்திரியில் விபத்து கேஸ் ஒன்று வந்தால் உங்கள் முறை தள்ளிப்போகும், சில சமயம் நாளே மாறிவிடும். இங்கே அவசர கேஸ் கிடையாது என்பதால் சொன்ன நேரம் பெரும்பாலும் சொன்ன நேரம்தான். வார்டில் மற்ற நோயாளிகளோடு படுத்துக் கிடந்து தொற்று வாங்கி வரும் பயமும் குறைவு, செலவும் பல இடங்களில் குறைவு. டாக்டர்களுக்கும் இது வசதி: தினமும் அதே நர்ஸ்கள், அதே கருவிகள், ஒரு கேஸ் முடிந்ததும் அடுத்ததற்கு அறை சீக்கிரம் தயார். சில மையங்களின் உரிமையில் டாக்டருக்கே பங்கு இருக்கும். அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஆனால் எல்லோருக்கும் இது சரிப்படாது. இதயம், நுரையீரல் கோளாறு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை, கட்டுக்குள் வராத சர்க்கரை, இதெல்லாம் இருந்தால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிதான் நல்லது என்று அவர்களே சொல்லலாம். ஏதாவது சிக்கலானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ் பார்க்கும் வேலை இங்கே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது, வீட்டிலோ ஆள் இல்லை. என் ஆபரேஷன் அன்று காலையில் போய் உட்கார்ந்ததும் நர்ஸ், "உங்களை யார் கூட்டிப் போகிறார்கள்?" என்றார். "டாக்ஸி" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்தால் பொறுப்பான, வயது வந்த ஒருவர் கூட வர வேண்டும், முதல் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, அன்று இரவு கூட ஒருவர் இருப்பது நல்லது. ஆபீசில் அறிமுகமாகி ஒரு மாதமே ஆன நண்பரை எழுப்பி வரவழைத்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். உங்களுக்கு அந்த அவமானம் வேண்டாம், தேதி குறித்த அன்றே ஆளையும் பிடித்துவிடுங்கள்.

அப்புறம் பட்டினி. பொதுவாக லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டத்துக்கு 8, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்களுக்குத் தனியாகச் சொன்னால் அதையே கேளுங்கள். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, "ஒரு வாய்தானே" என்று குடித்துவிட்டுப் போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

பில் மையத்துக்கு ஒன்று, சர்ஜனுக்கு ஒன்று, மயக்க டாக்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரலாம். இன்சூரன்ஸ் மூன்றையும் ஏற்குமா என்று மூன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்பே விசாரியுங்கள், வீட்டுப் பிள்ளையை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

கிளம்பும்போது சொல்லும் விவரங்களை, கூட வந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பரை அவர் போனில் ஏற்றிவிடுங்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேனாம், எனக்கு ஒன்றும் நினைவில்லை. மறுநாள் காலையில் நண்பரிடம், "டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று கேட்டிருக்கிறேன்.