ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறமுன்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஓகஸ்டில் வருகிறவர்கள் சோளகத்தின் நடுவில்தான் வந்து இறங்குகிறார்கள். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக அடிக்கிற காற்று அது. விடியற்புறம் கொஞ்சம் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறப் பலக்கும். அந்த நாளில் நெடுந்தீவுக்குப் படகேறி, தலை முதல் கால் வரை நனைந்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சின்ன வள்ளத்தில் கடல் பார்க்க ஆசையென்றால், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடல் போதும். வெள்ளாப்போடு இறங்கி, பத்து மணிக்குமுன் கரைக்கு வந்துவிடுங்கள். மாசி, பங்குனியில் வருகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

பாய்க்கப்பல் காலத்தில் பேர்பெற்ற துறைமுகம் ஊர்காவற்றுறை. இன்று அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளும் மீன்பிடி வள்ளங்களும்தான். வாசலில், கடலுக்குள் நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹம்மன்ஹீல் என்றார்கள். பின்னாளில் சிறையாகவும் இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் விடுதி. உங்கள் வள்ளத்தைக் கொண்டுபோய் அங்கே கட்ட முடியாது. உள்ளே போவதென்றால் அவர்களின் ஒழுங்கில்தான். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வள்ளம் பிடிக்க, ஊரிலுள்ள சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முதல்நாள் பின்னேரம் இறங்குதுறைக்குப் போங்கள். எண்ணெய்ச் செலவும் சேர்த்துக் காசைப் பேசி முடியுங்கள். உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அளவானது கிடைப்பது அரிது, வரும்போதே கொண்டுவருவது நல்லது. "இண்டைக்குச் சரிவராது" என்று ஓட்டுகிற அண்ணை சொன்னால், கூடக் காசு தாறம் என்று நிற்காதீர்கள். அவருக்குத் தெரிந்த காற்று உங்கள் கைத்தொலைபேசிக்குத் தெரியாது.

ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பூன்றிப் போக வேண்டிவரும். சிறகுவலைத் தடிகளுக்கும் கடலட்டைப் பண்ணை வேலிகளுக்கும் ஊடாகக் குறுக்கே விடச் சொல்லாதீர்கள். அது ஒருவரின் தொழில். இறங்கி நடப்பதென்றால் பழைய சப்பாத்துப் போடுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் தானே விலகிப்போகும்.

நேரமிருந்தால் வந்த வழியே திரும்பாதீர்கள். பண்ணைப் பாலத்தால் வந்தவர்கள், வாகனங்களையும் ஏற்றுகிற ‘பாதை’ என்ற மிதவையில் காரைநகருக்குக் கடந்து, பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகலாம். பாதை அன்றைக்கு ஓடுகிறதா என்று துறையில் முதலே கேட்டுவிடுங்கள்.