பிக்கப் ஸ்டியரிங் விட்டு விட்டு உதறுதா? அலைன்மென்ட்டுக்கு முன் இதைப் பாருங்க

ஸ்டியரிங் உதறினால் வண்டியை நேராக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கடையில் விடுவதுதான் நம்ம பக்கத்து வழக்கம். காசு போகும், உதறல் போகாது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அது மட்டுமே உதறலுக்குக் காரணமாவது அபூர்வம்.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். தோட்டத்துக்குள் போய் வரும் வண்டியில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடி, பேலன்ஸ் கெட்டு உதறும், மண் உதிர்ந்ததும் தானாக நின்றுவிடும். பாதிப் பேர் தேடும் மர்மம் இவ்வளவுதான்.

அடுத்து, எப்போது உதறுகிறது என்று கவனியுங்கள். அவிநாசி, பெருந்துறை ஹைவேயில் 70-லிருந்து 90 கி.மீ. வேகத்துக்குள் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் அடங்குகிறதா? டயர், ரிம் அல்லது பேலன்சிங். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் கையை விட்டு சீட்டுக்குப் போனால் சந்தேகமே வேண்டாம். டயரில் வீக்கம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்; உள்ளே கம்பி பிரிந்த டயரை பேலன்சிங் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் மிதித்தால் மட்டும் என்றால் முன் டிஸ்க். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தொடங்கி, டீ குடித்துவிட்டு எடுத்தால் காணோம் என்றால் காலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பின் என்கிற கம்பி இறுகி, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, இரண்டு முன் ரிம்மிலும் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்றால் கோளாறு அந்தப் பக்கம். கையை வைத்துப் பார்க்க வேண்டாம்.

பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி ஆடி, வேகம் குறைந்தால்தான் நிற்கிறது என்றால் ஸ்டியரிங், சக்கர இணைப்புகளில் தேய்ந்த ஜாயின்ட். முன்னால் கட்டை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டிகளில் இது அதிகம். தேங்காய் லோடு பின்னால் குவிந்து வண்டி அமுங்கினால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்பக்கச் சாய்வு) கூடும், ஆட்டம் சுலபமாகக் கிளம்பும். காலி வண்டியை ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக்கிடம் அது ஆடாது, லோடோடு காட்டுங்கள்.

பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரம் இட வலம் திரும்ப உதவும் மூட்டுகள்). இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) பக்கம். அதை உறுதி செய்ய வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அளவு இப்படி அப்படித் திருப்ப, நீங்கள் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்கள். தேய்ந்ததில் 'டிக்' என்று விரலில் தட்டும்.

ஜாயின்ட்டை விட்டுவிட்டு ஸ்டியரிங் டேம்பரை (ஆட்டத்தை அடக்கும், ஷாக் அப்சார்பர் மாதிரியான பாகம்) மட்டும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அதற்குள் ஜாயின்ட் இன்னும் தேய்ந்திருக்கும். டை ராட் எண்ட் மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம்.