பூனைக்குட்டிக்கு மண்சட்டி பழக்குவதும், மதில்மேல் நிற்கும் கடுவனைச் சமாளிப்பதும்

ஒரு மாதக் குட்டி மண்ணைக் கண்டால் தானாகத் தோண்டும். தாய் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நாமும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதனால், கழிப்பதற்கென்று மண் போட்டு வைத்த சட்டியைக் காட்டி "குட்டி சட்டியில் போக மாட்டேங்குது" என்று யாராவது வந்து சொன்னால், சட்டி எங்கே இருக்கிறது, அந்த இடத்துக்கு வெளிப்பூனை வருகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவைப் போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடங்களில், கடுவன்கள், அதாவது ஆண் பூனைகள், தட்டட்டிக்குத் தட்டட்டி (மொட்டைமாடிக்கு மொட்டைமாடி) தாவி ராத்திரி முழுக்க உலவும். குட்டி கழிக்க வீட்டு மூலையைத் தேடுவது பெரும்பாலும் அந்தப் பயத்தில்தான். குட்டியின் பழக்கத்தை ஒரு பக்கமும் கடுவனை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் தீராது. இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

1. சட்டி

கடையில் விற்கும் மூடி போட்ட பெட்டி குட்டிக்கு வேண்டாம். உள்ளே நாற்றம் தங்கும், வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் குட்டிக்குத் தெரியாது. ஆரம்பத்துக்குப் பழக்கடை அட்டைப்பெட்டி போதும். விளிம்பை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்துவிடுங்கள். குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் கொத்தனார் சாந்து சுமக்கும் பிளாஸ்டிக் சட்டிக்கு மாற்றுங்கள். கனமாக இருக்கும், கவிழாது, கழுவ லேசு. பூனைக்கென்று விற்கும் எந்தத் தட்டையும் விட எனக்கு அதுதான் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு உள்ள அகலமான டப் தேவைப்படும். பூனை எத்தனையோ அதைவிட ஒரு சட்டி கூடுதலாக இருக்கட்டும்.

2. மண்

சலித்து வெயிலில் காயவைத்த ஆற்று மணல்தான் என் தேர்வு. இரண்டு விரல் ஆழத்துக்குப் போட்டால் போதும். எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் அதிகம், முனையும் கூர். திசையன்விளை, உவரிப் பக்கத்து வாசகர்களுக்குத் தேரி மணல், அதாவது அந்தப் பக்கத்துச் செம்மணல், சும்மாவே கிடைக்கும். மெத்தென்று இருப்பதால் குட்டிகள் விரும்பித் தோண்டும். ஆனால் வீடெல்லாம் சிவப்புக் காலடி பதியும், அதற்குத் தயாராக இருங்கள். தென்னை நார்த்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நாற்றத்தையும் அடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பூசணம் பிடித்துவிடும். உமி ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது.

மூத்திரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் மண்ணை நாலு மாதம் ஆகாத குட்டிக்குப் போடாதீர்கள். இந்த வயதில் குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். அந்த மண் வயிற்றுக்குள் போய் ஊறினால் குடலை அடைத்துவிடும்.

அள்ளுவதற்குப் பழைய ஜல்லிக்கரண்டி போதும். காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

3. இடம்

எங்கள் வீட்டில் காரியம் நின்றுபோனது இந்த இடத்தில்தான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மூர் வீடுகளில் இந்த மாதிரி வேலை என்றாலே புறவாசல்தான். சட்டியும் அங்கேதான், துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் செவலைக் குட்டி சட்டியில் ஏறும், இரண்டு தரம் பிறாண்டும், காதைப் பின்னால் திருப்பும், உடனே இறங்கி ஓடிவந்து அடுப்படியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடும். "இது பழகாத குட்டிட்டீ, எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா" என்று ஆச்சி சொல்லியாகிவிட்டது. மணலை மாற்றிப் பார்த்தாயிற்று, சட்டியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டு முருங்கை வழியாக ஒரு கடுவன் இறங்கி வந்து, மதில்மேல் உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

குந்தி உட்கார்ந்திருக்கும் பூனையால் நினைத்த மாத்திரத்தில் ஓட முடியாது. அதனால் பகையின் கண்ணோ வாசமோ இருக்கும் இடத்தில் அது உட்காராது. அது பிடிவாதம் இல்லை, உயிரைக் காத்துக்கொள்ளும் புத்தி. கடுவன்கள் குட்டிகளைக் கடித்துக் கொல்வதும் உண்டு, குட்டி பயப்படுவதில் தப்பே கிடையாது.

சட்டியை வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து வைத்தோம். மூலைக்குப் போவது அதோடு குறைய ஆரம்பித்தது.

இடம் தேடும்போது பார்க்க வேண்டியது: வெளிப்பூனை கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். தார்சாவில், அதாவது கம்பி போட்ட முன்பக்கத் தாழ்வாரத்தில், வைத்தால் கம்பி வழியே கடுவன் எட்டிப் பார்க்கும், ஆகவே உள்கட்டே நல்லது. சோறு தின்னும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தின்னும் இடத்தில் பூனை கழிக்காது. மோட்டார் ஓடும் இடமும் ஆகாது. பயந்தால் ஓடுவதற்கு இரண்டு பக்கமாவது வழி இருக்கட்டும். பழகிய பிறகு சட்டியை இடம் மாற்ற நேர்ந்தால் தினம் ஒரு சாண் அளவுக்கு நகர்த்துங்கள், ஒரேயடியாகத் தூக்கி வைக்காதீர்கள்.

4. பழக்குவது

இது சின்ன வேலை. முதலில் குட்டியை ஒரே அறையில், சட்டியோடு வைத்திருங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் சட்டியில் கொண்டு விடுங்கள். காலைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம், மிரண்டுவிடும். வேறு இடத்தில் போய்விட்டால் அதில் கொஞ்சத்தை எடுத்துச் சட்டி மண்ணில் வையுங்கள், வாசம் வழிகாட்டும். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் குட்டியை உங்களுக்கே பயப்பட வைக்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகத் தொடங்கும்.

பசும்பால் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிறு போகும். வயிறு போகிற குட்டிக்குச் சட்டி வரை ஓட நேரம் இருக்காது. அவித்து முள் எடுத்த சாளை மீன், கோழி, பக்கத்தில் தண்ணீர். அது போதும்.

மூன்று வாரத்துக்கும் குறைந்த, தாயில்லாத குட்டி கையில் கிடைத்தால் கதை வேறு. அதற்குத் தானாகக் கழிக்கத் தெரியாது. பால் கொடுத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது.

5. தரை துடைப்பது: பினாயிலைத் தொடாதீர்கள்

குட்டி மூலையில் போய்விட்டால் நம் கை முதலில் போவது பினாயிலுக்கு. தயவுசெய்து நிறுத்துங்கள். கறுப்புப் பினாயிலில் இருப்பது தார் எண்ணெயும் பீனால் வகையும். வெள்ளைப் பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய். இவற்றை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. துடைத்த தரையில் நடக்கும், காலை நக்கும், உள்ளே போய்விடும். டெட்டால் வகையும் இதே கணக்குதான். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும்.

செய்ய வேண்டியது இது. ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் துடைத்து, பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, காயவிடுங்கள். பழைய சிமெண்ட் தரை மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயில் ஏறினால் வாசம் மறுபடி கிளம்பும். அப்படிப்பட்ட தரைக்குச் செல்லப்பிராணிக் கடையில் விற்கும் நொதித் திரவம் வாங்குவது நல்லது. காசு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வாசத்தின் வேரையே அது அறுத்துவிடும்.

அங்கணத்தில், அதாவது வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் குழியில், போகிற குட்டிகளும் உண்டு. அந்தக் குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள், விட்டுவிடும்.

வாசல் கதவின் அடியையும் முகர்ந்து பாருங்கள். கடுவன் வாலைத் தூக்கிக் கதவில் பீய்ச்சிவிட்டுப் போயிருந்தால், உள்ளே இருக்கும் குட்டிக்கு அந்த வாசமே மிரட்டல். அதையும் இதே முறையில் கழுவுங்கள்.

6. கடுவன்

அது ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் தெருவில் அது மீன் கழிவுக்காக வந்தது. செவுளையும் தலையையும் இலையில் சுற்றிப் புறவாசலில் போடும் வழக்கம் இருக்கும்வரை எந்த விரட்டலும் பலிக்காது. மீன் தண்ணீரை ஊற்றிய இடத்தை அலசிவிடுங்கள். கழிவை மூடிபோட்ட வாளியில் வைத்து, குப்பை வண்டி வரும்போது கொடுங்கள்.

அடுத்தது வழி. இரண்டு ராத்திரி கவனித்தால் அது வரும் பாதை தெரிந்துவிடும், பூனை பாதையை எளிதில் மாற்றாது. மதிலுக்கு மேல் சாயும் கிளையை வெட்டுங்கள். அடுப்படிச் சாளரத்துக்கும் மச்சு ஜன்னலுக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டிங் கம்பிவலை அடியுங்கள். கொசுவலையை ஒரே கீறில் கிழித்துவிடும், அறுகோணக் கண் போட்ட கோழிவலை நாளடைவில் தளர்ந்துவிடும். செலவு செய்வதானால் வெல்டிங் வலைக்கே செய்யுங்கள்.

அந்துருண்டை, கற்பூரம், மிளகாய்ப்பொடி ஆகியவற்றை மதிலில் வைக்கச் சொல்லுவார்கள். வேண்டாம். அந்துருண்டையும் கற்பூரமும் பூனைக்கு நஞ்சு, உங்கள் குட்டியும் அந்த வாசலில்தான் ஓடப்போகிறது. அடிப்பது, விஷம் வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம் அது. பசியோடு தெருவில் பிறந்து வளர்ந்த உயிர், அதற்கும் வேறு போக்கிடம் கிடையாது.

நேருக்கு நேர் வந்துவிட்டால்: காது தட்டையாகி, வால் புஸ்ஸென்று பருத்து, பக்கவாட்டில் நின்று உறுமினால் அது பாயும் நிலை. கண்ணுக்குள் பார்க்காதீர்கள், மூலையில் மடக்காதீர்கள், அது ஓடுவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். கையைத் தட்டி, கனத்த குரலில் அதட்டி, தரையில் ஒரு வாளித் தண்ணீரை வீசினால் பெரும்பாலும் போய்விடும். இரண்டும் கட்டிப் புரண்டால் நடுவில் கை கொடுக்கவே கூடாது. முறத்தையோ அட்டையையோ இடையில் செருகிப் பிரியுங்கள். பிரிந்த பிறகும் உங்கள் குட்டியை உடனே தூக்காதீர்கள், அந்த வெறியில் அது உங்களையே கடிக்கும். தடித்த துண்டைப் போர்த்தி எடுத்து, இருட்டான அறையில் விட்டுவிடுங்கள். மறுநாள் முடியை விலக்கிப் பாருங்கள். பூனைப்பல் காயம் வெளியே ஊசிமுனை அளவுதான் தெரியும், சில நாளில் உள்ளே சீழ் கோத்து வீங்கும்.

நிரந்தரத் தீர்வு கருத்தடைதான். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். கடுவனைப் பொறிக்கூண்டில்தான் பிடிக்க வேண்டும், சாக்கில் பிடிக்கப் போனால் கை கிழியும். அறுவை முடிந்ததும் சண்டையும் பீய்ச்சலும் ஒரே நாளில் நிற்காது, சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். உங்கள் குட்டிக்கு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி.

7. கடித்துவிட்டால், பிறாண்டிவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாளையில் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, ஊர்ப்பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை, பூனைக்கும் வரும். தோலுக்குள் போடும் ஊசி, முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். "பூனைதானே பிறாண்டுச்சு, ஒண்ணும் செய்யாது தாயி" என்று சொல்லும் மதினிமார் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு சேர்த்தது

வள்ளியூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: நன்றாகப் பழகிய ஆண் பூனை ஏழாம் மாதத்தில் திடீரென்று சுவரில் போக ஆரம்பித்துவிட்டதாம். நின்றுகொண்டு, வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது, கருத்தடை செய்தால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் சட்டிக்கு அடிக்கடி போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. அதற்கு ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கக் கூடாது. உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் பூனையை விரட்ட வேண்டுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். சட்டியை வேறு யாராவது அள்ளட்டும். பூனைக்கழிவில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, கழிவு வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தினமும் அள்ளிவிடுங்கள், அள்ளியதைக் கீரைப்பாத்தியில் கொட்டாதீர்கள். அவர்தான் அள்ள வேண்டும் என்ற நிலை வந்தால் கையுறை போட்டு அள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.