முள் தைத்த காலுக்கு வெள்ளையணுக்கள் வந்து சேரும் வழியை வகுப்பில் விளக்கும் முறை

பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்புப் பாடத்தை நடத்தும்போது, வெள்ளையணுக்கள் காயம்பட்ட இடத்துக்கு விரைந்து செல்கின்றன என்ற ஒரே வரியோடு நம்மில் பலர் கடந்துவிடுகிறோம். அவை இரத்தக் குழாயின் சுவரை எந்த இடத்தில் கடக்கின்றன, காலுக்குப் போக வேண்டியவை குடலில் இறங்கிவிடாமல் இருப்பது எதனால் என்பவையே மாணவர் மனத்தில் எழும் உண்மையான கேள்விகள். தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடலோரப் பள்ளிகளில் இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரைவலை இழுத்த மணலில் கழித்துப் போட்ட கெளுத்தியை மிதித்த பிள்ளையோ, பாசி எடுக்கப் போய்ப் பார் என்னும் கடற்பாறையில் காலைக் கீறிக்கொண்ட தாயோ இல்லாத வீடு இங்கே அரிது.

முதலில் கரும்பலகையில் ஒரு காலை இடுப்பு வரை பெரிதாக வரையுங்கள். உள்ளங்காலில் முள் தைத்த இடம், முழங்காலின் பின்பக்கம், தொடை இடுக்கு ஆகிய மூன்றையும் புள்ளியிட்டுக் குறியுங்கள். முதலுதவியையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது: கெளுத்தி, திருக்கை ஆகியவற்றின் முள் நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம் என்பதால், பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் உள்ள வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும், முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கவும் டெட்டனஸ் ஊசி போடவும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

அடுத்து, முள் தைத்த இடத்தைத் தனிப்படமாகப் பெரிதாக்கி ஒரு சிறு இரத்தக் குழாயை வரையுங்கள். அது தமனியாகவோ தந்துகியாகவோ இருக்கக் கூடாது. தந்துகிகளை அடுத்து வரும் நுண்சிரையாக இருக்க வேண்டும். பாடநூல் படங்கள் பலவற்றில் இந்த வேறுபாடு தெளிவாக இல்லை, ஆனால் பெரும்பாலான திசுக்களில் வெள்ளையணுக்கள் வெளியேறும் வாசல் நுண்சிரைதான். தமனியைவிட அங்கே இரத்த ஓட்டம் மெதுவாக இருக்கிறது என்பதோடு, அணுக்களைப் பிடித்து நிறுத்தும் மூலக்கூறுகளை அதன் உட்சுவர் செல்களே மிகுதியாக ஏந்தி நிற்கின்றன.

வெளியேற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கி நடத்துங்கள். முள் தைத்த சில நிமிடங்களில் திசுவிலுள்ள மாஸ்ட் செல்கள் உமிழும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பட்டதும், உட்சுவர் செல்கள் தமக்குள் சேமித்து வைத்திருந்த பி-செலக்டின் என்ற பிடிப்பு மூலக்கூறை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. புதிதாகத் தயாரிக்க வேண்டிய இ-செலக்டின் தோன்றச் சில மணி நேரம் ஆகும். செலக்டின் பிடிப்பு உறுதியானதன்று, பற்றியதும் விட்டுவிடும். அதனால் முதல் படியில், ஓட்டத்தில் வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு சுவரில் ஒட்டியும் விடுபட்டும் உருளத் தொடங்குகிறது. இரண்டாம் படியில், உருளும்போது, சுவரில் படிந்திருக்கும் கீமோகைன் என்னும் சிறு புரதங்களை அது உணர்கிறது. மூன்றாம் படியில், அந்தச் செய்தி கிடைத்த நொடியில் நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்ற பற்றும் புரதங்கள் நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற மூலக்கூறைக் கெட்டியாகப் பற்றுகின்றன. பாம்பன் துறைக்கு வரும் வள்ளம் இஞ்சினை அடக்கி, ஓட்டம் குறைந்து, பிறகே நங்கூரம் போடுவதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். வேகம் குறையாமல் நங்கூரம் பிடிக்காது என்ற ஒன்றை விளக்க அது போதும். நான்காம் படியில், நின்றுவிட்ட அணு சுவரின் மேல் ஊர்ந்து, பெரும்பாலும் இரு செல்கள் சேரும் இடுக்கைக் கண்டு, தன் உடலை நசுக்கிக்கொண்டு வெளியே நழுவுகிறது.

வெளியே வந்த அணு திசுவுக்குள் எதைத் தொடர்ந்து போகிறது என்ற கேள்விக்கு வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் உயிரியலாளர் எலி மெட்ச்னிகாஃப் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, நகரும் செல்கள் அதைச் சூழ்ந்துகொள்வதை நுண்ணோக்கியில் கண்டார். 1908-இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மண்டபம் கரையில் வலையோடு வரும் நட்சத்திர மீனைக் கையில் எடுத்துப் பார்த்த மாணவருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது. ஆயினும் மெட்ச்னிகாஃப் பார்த்தது நுண்ணிய இளவுயிரியையே தவிர வளர்ந்த மீனை அன்று என்பதைத் தெளிவுபடுத்துங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இதற்காக எந்த உயிரியையும் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். அந்த உயிரியில் நம்முடையதைப் போன்ற குழாய்ச் சுவரைக் கடக்கும் வேலை இல்லை. ஈர்க்கும் பொருளின் செறிவு கூடும் திசையை நோக்கி ஊர்வது மட்டுமே உண்டு. நம் திசுவில் நியூட்ரோஃபிலும் அவ்வாறே, பாக்டீரியாக்கள் கசியவிடும் சிறு பெப்டைடுகளின் செறிவைப் பின்பற்றி முள் இருக்கும் இடத்தை அடைகிறது. முதல் நாளில் நியூட்ரோஃபில்களும், ஏறத்தாழ இரண்டாம் நாளிலிருந்து மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் மிகுதியாகக் காணப்படும். பின்னவை திசுவில் நுண்ணுயிரிகளை விழுங்கும் மாக்ரோஃபேஜ்களாக மாறும்.

இனி பெரிய படத்துக்குத் திரும்புங்கள். கால் புண்ணுக்கு அரையில் நெறி கட்டுவது ஏன் என்று கேட்டால், பாட்டி சொல்லித் தெரியும் என்பார்களே தவிரக் காரணம் சொல்ல மாட்டார்கள். தோலில் காவலிருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள், நுண்ணுயிரியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு, சிசிஆர்-7 என்ற ஏற்பியின் துணையால் நிணநீர்க் குழாய் வழியாகத் தொடை இடுக்கின் நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. குதிகாலின் வெளிப்பக்கத்தில் முள் தைத்திருந்தால் முழங்காலின் பின்புற முடிச்சே முதலில் வரும் என்பதால்தான் அங்கே ஒரு புள்ளி வைத்தோம். லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களோ இரத்தத்திலிருந்து, தடித்த உட்சுவர் கொண்ட தனிவகை நுண்சிரைகள் வழியாக அதே முடிச்சுக்குள் நுழைகின்றன. தமக்குப் பொருந்தும் துண்டு கிடைக்காதவை ஏறத்தாழ அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் வெளியேறி அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். கிடைத்தவை சில நாள் அங்கேயே தங்கிப் பெருகுவதால் முடிச்சு வீங்கி நோகிறது. காலில் சிவந்த கோடு மேலேறினாலோ காய்ச்சல் கண்டாலோ விளக்கத்தை நிறுத்திவிட்டு மாணவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பெருகிய லிம்ஃபோசைட்டுகள் திரும்பும்போது ஒரு முகவரியோடு போகின்றன. தோலை அடுத்த முடிச்சில் பயின்றவை சிஎல்ஏ என்ற சர்க்கரைக் குறியை ஏந்துவதால், தோலின் நுண்சிரையிலுள்ள இ-செலக்டின் அவற்றைப் பிடிக்கிறது. குடலை அடுத்த முடிச்சில், டென்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏவலால், ஆல்ஃபா-4 பீட்டா-7 என்ற இன்டெக்ரின் அங்கே பயின்ற லிம்ஃபோசைட்டுகளில் தோன்றிக் குடலின் குழாய்ச் சுவரோடு இணைகிறது. இந்த ஒரு முகவரியை மட்டும் மறைக்கும் வெடோலிசுமாப் என்ற மருந்து 2014 முதல் குடல் அழற்சி நோய்களுக்குப் பயன்பட்டு வருகிறது என்று சொன்னால் போதும். மற்ற மூலக்கூறுகளின் பட்டியலை நான் வகுப்பில் தவிர்த்துவிடுவேன்.

பாடம் புரிந்ததா என்று அறிய ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு கைக்குழந்தைக்குத் தொப்புள்கொடி ஒரு மாதம் கடந்தும் விழவில்லை, புண்கள் ஆறவில்லை, இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிக உயர்ந்திருக்கிறது, ஆனால் புண்ணில் சீழே இல்லை. எந்தப் படி பழுதாகியிருக்கும்? இது இன்டெக்ரினின் ஒரு பகுதியான சிடி-18 மரபுக் குறையால் வரும் அரிய நோய். இன்டெக்ரின் என்று பெயரை மட்டும் சொல்லும் மாணவருக்குப் பாதி மதிப்பெண்ணே கொடுங்கள். உருளும் அணு நிற்க முடியாமல் எந்த இடத்தில் இரத்த ஓட்டத்தோடு போய்விடுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் படத்தில் காட்டிய பிறகு மீதியைக் கொடுக்கலாம்.