சிகரத்துக்கு முன் பருவம்: வழிகாட்டியுடன் மலையேறத் திட்டமிடும் முறை

மலையேற்றத்தில் ஆர்வம் கொண்டவர்களில் பலர் முதலில் ஒரு சிகரத்தின் மீது மனத்தை வைத்துவிட்டு, பிறகு தமக்கு விடுப்புக் கிடைக்கும் நாட்களில் அதை ஏறிவிடப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வதே முதல் வேலை. எந்த மாதத்தில் உங்களால் செல்ல முடியும் என்பதை முடிவுசெய்துகொண்டு, அந்த மாதத்தில் ஏறத் தகுந்த மலை எது என்று பிறகு தேட வேண்டும். மொராக்கோவில் உள்ள 4,167 மீட்டர் உயரமான தூப்கால் சிகரம் கோடையில் கல்லும் சரளையும் நிறைந்த நீண்ட நடை. அதே பாதை குளிர்காலத்தில் பனிக்கோடரியும், காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பானும் இல்லாமல் கால் வைக்கக் கூடாத உறைந்த சரிவு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு மலைகள்.

உலகின் ஒவ்வொரு மலைத்தொடருக்கும் அதற்குரிய காலம் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் பெரும்பாலான கோடைக்கால ஏற்றங்கள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நடைபெறுகின்றன. நேபாள இமயத்தில் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களும் அதற்குப் பிந்திய அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதியில் மழை குறைந்த காலங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலும் அமைகின்றன. தென்னரைக்கோளத்தில், அர்ஜென்டினாவில் இருக்கும் அகோன்காகுவா சிகரத்துக்கோ டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையே கோடை.

இலக்குகளை அடுக்கும்போது நான் உறுதியாக வலியுறுத்துவது, ஒரு பயணத்தில் ஒரு புதிய கடினம் மட்டுமே இருக்கட்டும் என்பதை. 5,895 மீட்டர் உயரமான கிளிமஞ்சாரோவின் வழக்கமான பாதைகளில் கயிறு தேவையில்லை; அங்கே புதிதாகச் சந்திப்பது உயரத்தை மட்டுமே. அந்த உயரத்தில் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு, கிராம்பான் அணிந்து நெடுநேரம் பனியில் நடக்க வேண்டிய ரஷ்யாவின் 5,642 மீட்டர் எல்ப்ரூஸ் போன்ற சிகரத்தை நினைக்கலாம். உயரம், பனி, கயிற்று வேலை, கடுங்குளிர் ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் முதன்முறையாகச் சந்திப்பவரால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அன்றைய நாளைக் கடந்து பிழைத்து வருவதற்கே அவருடைய கவனம் முழுவதும் செலவாகிவிடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த அக்கறை வேண்டும். நடைபாதைகளில் அழைத்துச் செல்லும் வழிகாட்டியும், பனியாற்றிலும் பாறையிலும் கயிறு கட்டி அழைத்துச் செல்லும் வழிகாட்டியும் வெவ்வேறு பயிற்சி பெற்றவர்கள். 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலை வழிகாட்டிச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, பாறை, பனி, பனிச்சறுக்கு ஆகியவற்றில் பல ஆண்டுகள் பயின்று தேர்ந்தவர்களுக்கே தன் அடையாள வில்லையை அளிக்கிறது. நீங்கள் செல்லவிருக்கும் நிலத்துக்குரிய தகுதி அவரிடம் இருக்கிறதா, அதே பருவத்தில் அதே பாதையில் அவர் முன்பு சென்றிருக்கிறாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளையும் முன்பணம் செலுத்துவதற்கு முன்பே கேளுங்கள். மாட்டர்ஹார்ன் போன்ற செங்குத்தான மலையில் ஒரு வழிகாட்டி ஒருவரை மட்டுமே அழைத்துச் செல்வது வழக்கம். எளிய நடையில் அதே வழிகாட்டி பலரைக் கவனிக்க முடியும். உங்கள் உடல்நிலையையும் பழைய காயங்களையும் உண்மையில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லப்பட்ட அனுபவத்தை நம்பி வழிகாட்டி போடும் திட்டம், உங்களோடு கயிற்றில் இருக்கும் மற்றவர்களையும் ஆபத்தில் தள்ளும்.

புறப்படுவதற்கு முந்திய மாலையில் வழிகாட்டியுடன் அமர்ந்து திரும்பும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். இதைவிட முக்கியமான உரையாடல் அந்தப் பயணத்தில் வேறில்லை என்றே கருதுகிறேன். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இதன்படி நான்கு மணி 24 நிமிடம் ஆகும். இதில் ஓய்வும், சுமையும், பனியும், களைப்பும் சேரவில்லை என்பதால் புதியவர்கள் இன்னும் பாதியளவு நேரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது. இவ்வாறு கணக்கிட்டு, "பதினோரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று முன்பே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். சிகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும்போது எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் ஆசை எடுக்கும் முடிவாகவே இருக்கும். அந்த நேரத்தில் வழிகாட்டி திரும்பச் சொன்னால் வாதிடாமல் திரும்புவதற்கான மன ஒப்புதலை முந்திய மாலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதுகுப்பையில் எடையை ஏற்றிக்கொண்டு படிகளிலும் சரிவுகளிலும் நடப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. நான்கு அல்லது ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரம் ஒருமுறை நெடுநடை, இரண்டு அல்லது மூன்று முறை குறுகிய ஏற்றப் பயிற்சி என்று வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஏறும் உயரத்தை 500 மீட்டரிலிருந்து 800க்கும், பிறகு 1,200க்கும் படிப்படியாகக் கூட்டலாம். இறங்குவதையும் தனியே பழகுங்கள். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது இறக்கத்தில்தான். மறுநாள் வரும் கடும் வலிக்கும், களைத்த கால்கள் தடுமாறுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஆண்டின் ஒவ்வொரு பருவமும் ஏறுபவரிடம் வெவ்வேறு ஒழுக்கத்தைக் கேட்கிறது. இளவேனிலில் இரவில் இறுகிய பனி பகலில் இளகிவிடுவதால், பனியாற்றுப் பாதைகளில் விடியலுக்கு வெகுமுன்பே புறப்பட வேண்டும். பனிப்பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் வெயில் ஏற ஏற வலுவிழக்கும். உருகும் பனியால் ஓடைகள் பிற்பகலில் பெருகும் என்பதால், காலையில் எளிதாகக் கடந்த ஓடை திரும்பி வரும்போது கடக்க முடியாததாக மாறியிருக்கக்கூடும். கோடையில் அஞ்ச வேண்டியது பிற்பகல் இடிமழை. நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். இலையுதிர் காலம் தெளிந்த வானத்தைத் தந்தாலும் பகலைச் சுருக்கிவிடும். தலைவிளக்கும் மாற்று மின்கலமும் பையில் இருந்தாக வேண்டும்.

குளிர்காலம் தனிக் கல்வி. பனித்திரள் திடீரெனச் சரிந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. எனவே சரிவின் சாய்வை அளக்கவும், ஐந்து படிகள் கொண்ட அன்றைய பனிச்சரிவு அபாய அறிவிப்பைப் படிக்கவும் வழிகாட்டியிடம் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் படி எண்ணிக்கையில் நடுவில் இருப்பதால் அதை மிதமான அபாயம் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் பெயரே ‘கணிசமான’ அபாயம் என்பதுதான். பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதையுண்டவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடுவதால், உதவிக்குழு வரும் வரை காத்திருக்க நேரமிராது. உடன் வந்தவர்களே தேடித் தோண்ட வேண்டும். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வைத்தால், நீர் மேற்பரப்பில் உறையத் தொடங்கினாலும் மூடி அடைபடாது.

உயரநோய் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது: உடல் உறுதியானவர்களுக்கு அது வராது என்பது. 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் அது வரலாம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. ஆகவே 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, இரவென்று பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பது பலர் செய்யும் பிழை. திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற அச்சத்தால் சொல்லாமல் விடப்படும் அந்த ஓர் இரவில் நோய் முற்றிவிடக்கூடும்.

இறங்கி வந்த அன்றே குறிப்பேட்டில் புறப்பட்ட நேரம், ஒவ்வோர் உயரத்தையும் அடைந்த நேரம், உறங்கிய விதம், குடித்த நீரின் அளவு, பையில் பயன்படாமல் திரும்பிய பொருட்கள் ஆகியவற்றை எழுதுங்கள். சிகரத்தைத் தொடாமல் திரும்பிய பயணத்தையும் அதே அக்கறையுடன் எழுதி, எந்த இடத்தில் என்ன காரணத்துக்காகத் திரும்பினீர்கள் என்பதை வழிகாட்டியிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்கான மலையைப் பற்றி அவரிடம் பேசும்போது, அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.