வரிச் சட்டத்தில் எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் பட்டம்) படிக்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போட்டுவிடுவார். அந்தப் பணம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி இல்லை. தன் தோட்டத்து இலையைத் தானே தூளாக்கி விற்கும் எஸ்டேட்டுக்கு வேறு கணக்கு: நான் படித்த 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8-ஆம் விதிப்படி 60 சதவீதம் விவசாய வருமானம், 40 சதவீதம் வரிக்கு உட்பட்ட வியாபார வருமானம். எங்களிடம் இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரிக்கு அந்தப் பிரிப்பும் கிடையாது. இலை அவர்கள் வளர்த்ததில்லையே, அதனால் முழுவதும் வியாபாரம்தான். ஒரே இலைக்கு மூன்று விதமான வரி என்று சட்டக் கல்லூரியில் படித்த அன்றே, மேற்படிப்பு இதில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் எங்கே படிப்பது என்று பாருங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். ஓராண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும்: 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டுப் படிப்பு. வேலைக்கு அவசரமில்லாதவர்களுக்கு நான் இரண்டாண்டைத்தான் சொல்வேன். ஓராண்டில் பொதுப் பாடங்களும் ஆய்வேடும் போக, வரிச் சட்டத்தை நிதானமாக வாசிக்க நேரம் போதாது. எங்கே சேர்ந்தாலும், வரிப் பாடங்கள் எத்தனை, அவற்றை நடத்துவது யார் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். 'வணிகச் சட்டம்' என்ற பெயருக்குள் ஒரே ஒரு வரித்தாள் மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு.

சேர்வதற்கு முன் கணக்குப்பதிவு கற்றுக்கொள்ளுங்கள். நான் வணிகவியல் படித்தவள் இல்லை. தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது) என்றால் என்னவென்று தெரியாமல் முதல் பருவத்தில் தவித்தேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்த பிறகுதான் தீர்ப்புகளில் வரும் எண்கள் பேச ஆரம்பித்தன.

அப்புறம், வாசிக்கும் முறை. அரசமைப்பின் 265-ஆம் உறுப்பிலிருந்து தொடங்குங்கள்: சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. வரி வழக்கில் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எந்த வரியைப் படித்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நிகழ்வின் மேல் வரி? யார் கட்ட வேண்டும்? என்ன விகிதம்? எந்த மதிப்பின் மேல்? கோவிந்த் சரண் கங்கா சரண் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த சட்டகம் இது. நான்கில் ஒன்று தெளிவில்லை என்றாலும் வழக்கு பிறக்கும்.

தீர்ப்புகளைத் தனித்தனியாக வாசிக்காதீர்கள், வரிசையாக வாசியுங்கள். வரி தவிர்ப்பு, அதாவது சட்டத்துக்கு உட்பட்டே வரியைக் குறைக்கப் பார்ப்பது என்றால், உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள்: 1985-ன் மெக்டவல், 2003-ன் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன், வெளிநாட்டில் கைமாறிய பங்குக்கு இங்கே வரி இல்லை என்ற 2012 ஜனவரியின் வோடஃபோன். அதோடு நிறுத்தக் கூடாது. அதே ஆண்டு நிதிச் சட்டம் முன்தேதியிட்டு வோடஃபோன் தீர்ப்பின் விளைவை மாற்றியதையும், 2021 திருத்தத்தில் நாடாளுமன்றம் அதிலிருந்து பின்வாங்கியதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும். தீர்ப்புச் சுருக்கங்களை நம்பிப் படிக்க வேண்டாம். வாதத்தில் தோற்றவர் என்ன சொன்னார் என்பது சுருக்கத்தில் இருக்காது, ஆய்வுக்கு அதுதான் வேண்டும்.

இப்போது சேர்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பழைய சட்டத்துக்குப் பதிலான வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பழைய ஆண்டுகளின் வழக்குகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே இன்னும் பல வருடம் ஓடும். இரண்டும் வேண்டும். ஒரு நோட்டில் பழைய பிரிவு, புதிய பிரிவு, மாறிய சொல் என்று மூன்று பத்தி போட்டு நீங்களே எழுதுங்கள். 192-ல் தொடங்கி நீண்டு கிடந்த டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிரிவுகளில் பெரும்பாலானவை இப்போது 392, 393-க்குள் அடங்கிவிட்டன. வருமானம் வந்த 'முந்தைய ஆண்டு', அதற்கு வரி கணக்கிடும் 'மதிப்பீட்டு ஆண்டு' இரண்டும் போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. கையால் எழுதினால் மனதில் நிற்கும்.

வாரத்தில் ஒரு நாளாவது சென்னையில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போய் உட்காருங்கள். உண்மை விவரங்களைப் பற்றிய கடைசித் தீர்மானம் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு மேல் உயர் நீதிமன்றம் போக, சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி இருந்தாக வேண்டும். ஒரு ரசீதுக்காகவும் வங்கி அறிக்கைக்காகவும் அரை மணி நேரம் வாதாடுவதைப் பார்த்த பிறகு, வகுப்பில் 'ஆதாரம்' என்று சொல்வதே வேறு மாதிரி கேட்கும்.

ஆய்வேட்டுத் தலைப்பைச் சிறிதாக வையுங்கள். 'ஜி.எஸ்.டி.யும் கூட்டாட்சியும்' என்று நான் கொண்டுபோனதை வழிகாட்டி திருப்பிக் கொடுத்தார். "உனக்குத் தெரிந்த ஒரு பொருளை எடும்மா" என்றார். சொந்த இலையையும் வாங்கிய இலையையும் சேர்த்து அரைக்கும் ஃபேக்டரி வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று எடுத்தேன். தீர்ப்புகளை வாசித்துவிட்டு ஊருக்குப் போய், ஃபேக்டரி கணக்குப்பிள்ளையோடு மூன்று நாள் உட்கார்ந்து இலை வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு இலையும் ஒரே வாட்டும் தொட்டியில் கொட்டப்படும் இடத்தில்தான் என் மூன்றாம் அத்தியாயம் தொடங்குகிறது.